குடியிருப்பு வளியின் நச்சு: அளவீடும் எதிர்வுகூறலும் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

வளி மாசடைதல் என்றதும் எமது மனக்கண்முன் தோன்றுபவை ஆலைகளின் புகைபோக்கிகளும் நெடுஞ்சாலைகளின் புகையுமே. ஆயினும் மனிதர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கூரையின் கீழேயே கழிக்கின்றனர். கைக்குழந்தைகளும் முதியோரும் நோயாளரும் ஏறத்தாழ நாள் முழுவதும் அங்கேயே இருக்கின்றனர். அவர்கள் சுவாசிக்கும் வளியிலே கலந்திருப்பது யாது, அது எவ்வளவு, எங்கிருந்து வருகிறது என்னும் வினாக்களுக்கு விடைகாண முயலும் அறிவுத்துறை கடந்த அரை நூற்றாண்டிலே பெரிதும் வளர்ந்துள்ளது. இன்று ஓர் அறையின் வளியிலுள்ள நச்சுவாயுவை நூறு கோடியில் ஒரு பங்கு என்னும் நுண்மையுடன் அளக்க முடிகிறது. அவ்வறை கட்டப்படுமுன்னரே, அதற்குப் பயன்படவிருக்கும் பலகையைச் சோதித்து, அங்கு நிலவப்போகும் செறிவை முன்கூட்டிக் கணிக்கவும் முடிகிறது.

இலக்கியத்தையும் சமூகத்தையும் இணைத்து நோக்கும் எம்போன்றோருக்கு இத்துறையில் என்ன அக்கறை என்று கேட்கப்படலாம். விஞ்ஞானம் சமூக உறவுகளுக்குப் புறம்பாக நிகழ்வதன்று என்பது முற்போக்குச் சிந்தனையாளர் பொதுவாக ஏற்றுக்கொண்ட கருத்து. ஆனால் அது பல வேளைகளிலே வெறும் வாய்பாடாகவே நின்றுவிடுகிறது. சமூக உறவுகள் ஓர் எண்ணினுள் எவ்விடத்திலே, எவ்வாறு நுழைகின்றன என்பதைத் திட்டவட்டமான ஒரு நிகழ்வைக் கொண்டு காட்டினாலன்றி அவ்வாய்பாட்டினாற் பயன் விளையாது. 2005 ஆம் ஆண்டின் கத்ரீனாச் சூறாவளிக்குப் பின்னர், ஐக்கிய அமெரிக்காவின் தென்கரையிலே வீடிழந்த மக்கள் குடியமர்த்தப்பட்ட இழுவை வீடுகளின் வரலாறு அத்தகைய ஒரு நிகழ்வாகும். அங்கு அறிவுக்குப் பஞ்சமிருக்கவில்லை. அவ்வறிவைப் பிரயோகிக்க வேண்டிய பொறுப்பிலிருந்தோர் அதனைப் பிரயோகிக்க மறுத்தனர் என்பதே எமது வாதம். இதனை நிறுவுவதற்கு முதலில் அளவீட்டின் தன்மையையும் எதிர்வுகூறலின் தன்மையையும் ஓரளவு விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

2

உள்ளக வளியை அளக்கும் முயற்சி புதியதன்று. மியூனிக் நகரின் சுகாதாரவியல் அறிஞரான மக்ஸ் வொன் பெற்றன்கோபர் குடியிருப்புகளின் வளிமாற்றம் பற்றிய தமது ஆய்வினை 1858 இல் வெளியிட்டார். மனிதர் வெளிவிடும் காபனீரொட்சைட்டைப் பேரியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் உறிஞ்சச்செய்து, எஞ்சிய காரத்தின் அளவிலிருந்து அவ்வாயுவின் அளவைக் கணிப்பது அவரது முறை. வளியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் காபனீரொட்சைட்டுக் காணப்படின் அவ்வறையின் வளி நல்வளியன்று என அவர் வரையறுத்தார். காபனீரொட்சைட்டு அவ்வளவிலே நஞ்சன்று. கெட்டுப்போன வளியைச் சுட்டும் குறிகாட்டியாகவே அவர் அதனைக் கொண்டார்.

இதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1845 இல், ஏங்கல்ஸ் இங்கிலாந்தின் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை பற்றிய நூலிலே மாஞ்செஸ்ரரின் நிலவறைக் குடியிருப்புகளையும் நெருக்கமான முடுக்குகளையும் விவரித்தபொழுது, அங்கு தேங்கிநின்ற வளியையும் சேர்த்தே விவரித்தார். கருவியின்றிக் கண்ணாலும் மூக்காலும் பெறப்பட்ட சான்று அது. மார்க்சோ 1867 இல் வெளிவந்த மூலதனத்தின் முதலாம் தொகுதியிலே ஓர் எண்ணையே எடுத்து ஆராய்ந்தார். தொடர்ந்து வேலைசெய்யும் ஒவ்வொருவருக்கும் ஆகக்குறைந்தது 500 கன அடி இடம் வேண்டும் என ஆங்கில மருத்துவர்கள் ஒருமுகமாகக் கூறியிருந்தனர். இது ஏறத்தாழ 14 கனமீற்றராகும். அவ்விதி கட்டாயமாக்கப்பட்டால் ஆயிரக்கணக்கான சிறு வேலைத்தல முதலாளிகள் ஒரேயடியாகத் தம் தொழிலை இழக்க நேரும். ஆதலின் தொழிற்சாலைச் சட்டம் அவ்வெண்ணின் முன் தயங்கி நின்றது என்பதை மார்க்ஸ் சுட்டிக்காட்டினார். மருத்துவம் அறிந்து கூறிய அளவொன்று, உற்பத்திமுறையின் தேவைகளோடு முரண்பட்டபொழுது சட்டமாக முடியாது போயிற்று. இம்முரண்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டோடு முடிந்துவிடவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

3

பெற்றன்கோபரின் காலத்திலே வீட்டு வளியைக் கெடுத்தவை மனித மூச்சும் அடுப்பும் விளக்குமே. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து வீட்டின் சுவரும் தளமும் தளபாடங்களுமே மாசின் ஊற்றுக்களாயின. மரச்சிராய்களையும் தூளையும் பிசினிட்டு வெப்பத்தில் அழுத்திச் செய்யப்படும் துகட்பலகையும், மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்யப்படும் ஒட்டுப்பலகையும் பெருவழக்குப் பெற்றன. முன்னர்க் கழிவாக ஒதுக்கப்பட்ட மரத்தூள் விற்பனைச் சரக்காகியது. இப்பலகைகளைப் பிணைக்கும் பிசின்களுள் மலிவானதும் விரைவில் இறுகுவதும் யூரியா-போமல்டிகைட்டுப் பிசினாகும்.

போமல்டிகைட்டு சாதாரண வெப்பநிலையில் வாயு. அதன் கொதிநிலை பூச்சியத்திற்குக் கீழ் 19 பாகை செல்சியசு. பிசினிலே தாக்கமுறாது எஞ்சிய போமல்டிகைட்டு முதலில் வெளியேறுகிறது. அதன் பின்னரும் வளியிலுள்ள நீராவி பிசினைச் சிறிது சிறிதாகப் பகுக்க, ஆண்டுக்கணக்கில் வாயு வெளிவந்துகொண்டேயிருக்கிறது. அது கண்ணையும் மூக்கையும் தொண்டையையும் உறுத்துவது. சுவாச நோயுடையோரைப் பெரிதும் வருத்துவது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004 இல் அதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதலாம் தொகுதியிற் சேர்த்தது. கத்ரீனாச் சூறாவளிக்கு முந்திய ஆண்டு அது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வாயுவை அளக்கும் முறைகளுள் இன்று பெரிதும் வழங்குவது பின்வருமாறு அமையும். 2,4-இருநைத்திரோபீனைலைதரசீன் என்னும் பொருள் பூசப்பட்ட சிலிக்கா மணிகளைக் கொண்ட சிறு குழாயினூடாக, குறித்த கனவளவு வளி பம்பியினால் இழுக்கப்படுகிறது. போமல்டிகைட்டு அப்பொருளுடன் சேர்ந்து நிலையான ஒரு சேர்வையாகிறது. அச்சேர்வையை ஆய்வுகூடத்திலே கரைத்தெடுத்து, ஏனையவற்றினின்றும் பிரித்து, அது உறிஞ்சும் புறவூதாக் கதிரின் அளவைக் கொண்டு அதன் நிறை கணிக்கப்படுகிறது. பெறப்பட்ட நிறையை இழுக்கப்பட்ட வளியின் கனவளவால் வகுக்கச் செறிவு கிடைக்கிறது. நூறு கோடிக் கனவளவு வளியில் ஒரு கனவளவு வாயு இருப்பதை இக்கட்டுரையில் ஒரு 'பங்கு' எனக் குறிப்பிடுவோம். போமல்டிகைட்டைப் பொறுத்தவரை ஒரு பங்கு என்பது கனமீற்றருக்கு ஏறத்தாழ 1.23 மைக்கிரோகிராமாகும்.

முறை எளிதே. ஆயினும் அம்முறை தருவது குறித்த ஓர் இடத்திற்கும் குறித்த ஒரு மணி நேரத்திற்கும் உரிய எண்ணையேயாகும். சாளரம் திறந்திருந்ததா, வெளியே கோடையா குளிர்காலமா, பலகை புதியதா பழையதா என்பவற்றை அவ்வெண் தானாகக் கூறாது. அளப்பவர் இவற்றுட் சிலவற்றைத் தாமே தெரிவுசெய்கிறார். அளவீட்டினுள் சமூகம் நுழையும் முதல் வாயில் இதுவாகும்.

4

எதிர்வுகூறலின் அடிப்படை திணிவுக் காப்பு என்னும் எளிய தத்துவம். ஓர் அறையினுள் ஒரு மணி நேரத்தில் வெளிவரும் வாயுவின் நிறையும், அதே நேரத்தில் வளிமாற்றத்தினால் வெளியேறும் வாயுவின் நிறையும் சமமாகும்பொழுது செறிவு நிலைபெறுகிறது. ஆகவே, நிலைபெற்ற செறிவு என்பது வெளிவிடு வீதத்தை மணித்தியாலத்திற்கு மாறும் வளியின் கனவளவால் வகுத்துப் பெறுவதாகும்.

ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்கலாம். 20 சதுரமீற்றர் தளமும் 2 மீற்றர் உயரமும் கொண்ட ஒரு சிறு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். அதன் கனவளவு 40 கனமீற்றர். அதன் பலகைகள் அனைத்தும் சேர்ந்து மணித்தியாலத்திற்கு 4,000 மைக்கிரோகிராம் வாயுவை வெளிவிடுகின்றன எனவும், உள்ளிருக்கும் வளியின் அரைப்பங்கு மணிதோறும் மாறுகிறது எனவும் கொள்வோம். மாறும் வளி 20 கனமீற்றர்; செறிவு கனமீற்றருக்கு 200 மைக்கிரோகிராம், அதாவது ஏறத்தாழ 163 பங்கு. இதே அளவு வாயு, இதே வளிமாற்று வீதத்துடன், 250 கனமீற்றர் கொண்ட விசாலமான ஒரு வீட்டினுள் வெளிவருமாயின் செறிவு கனமீற்றருக்கு 32 மைக்கிரோகிராம் மாத்திரமே. பலகை ஒன்றே, பிசின் ஒன்றே. குடியிருப்பின் அளவுதான் வேறு. இடவசதி குறைந்தவர் சுவாசிக்கும் நஞ்சு மிகுகிறது என்பதை இங்கு வகுத்தற் கணக்கே காட்டிவிடுகிறது.

உண்மை நிலை இதனினும் சிறிது சிக்கலானது. பலகை வாயுவை வெளிவிடும் வீதம் மாறாததொன்றன்று. பலகைக்கும் வளிக்கும் இடையே ஒரு சமநிலைச் செறிவு உண்டு. வளியிலுள்ள செறிவு அச்சமநிலையை நெருங்க நெருங்க வெளிவிடுதல் குறைகிறது. வளியைச் சுத்தப்படுத்தினால் பலகை மேலும் வெளிவிடுகிறது. ஆகவே வளிமாற்றத்தை இருமடங்காக்கினும் செறிவு சரிபாதியாகக் குறைவதில்லை. சாளரத்தைத் திறந்து பின் மூடினாலோ, மேற்கூறிய வளிமாற்று வீதத்தில் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தினுள் செறிவு பழைய நிலையை அண்மித்துவிடும். பகலிலே காற்றோட்டமாக வைத்திருந்த அறையும் இரவின் நடுயாமத்திற்குள் பழையபடி ஆகிவிடும் என்பது இதன் பொருள்.

வெப்பநிலையின் பங்கு இன்னும் பெரிது. துகட்பலகையைப் பற்றிப் பேர்கே முதலான ஆய்வாளர் 1980 இல் வெளியிட்ட சமன்பாட்டின்படி, வெப்பநிலை 6 அல்லது 7 பாகை செல்சியசு உயரும்பொழுது செறிவு ஏறத்தாழ இருமடங்காகிறது. ஈரப்பதன் உயர்ந்தாலும் செறிவு உயர்கிறது. வெப்பமும் ஈரப்பதனும் மிக்க எந்தப் பிரதேசத்திற்கும் இது பொருந்தும். 25 பாகையிலே சோதனை அறையில் தேறிய பலகை, நண்பகல் வெயிலில் தகிக்கும் கூரையின் கீழ் வேறொரு பலகையாகவே நடந்துகொள்கிறது.

இவை யாவும் எப்பொழுது அறியப்பட்டன என்பது எமது வாதத்திற்கு இன்றியமையாதது. 1975 இல் டென்மார்க்கின் ஓகூஸ் நகர ஆய்வாளரான அன்டர்சன், லுண்ட்குவிஸ்ற், மோல்காவ ஆகியோர் துகட்பலகை பயன்பட்ட 23 குடியிருப்புகளில் அளவிட்டனர். கனமீற்றருக்கு 2 மில்லிகிராமையும் தாண்டிய செறிவு அவற்றுட் காணப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2010 இல் உள்ளக வளிக்கென விதந்துரைத்த அளவு 0.1 மில்லிகிராமாகும். டேனிய ஆய்வாளர் அளந்ததோடு அமையாது, வெப்பநிலை, ஈரப்பதன், வளிமாற்றம், பலகையின் பரப்பு ஆகியவற்றைக் கொண்டு செறிவை எதிர்வுகூறும் கணித வாய்பாட்டையும் உருவாக்கினர். 1973 இன் எண்ணெய் நெருக்கடியை அடுத்து, எரிபொருளைச் சேமிக்கும் பொருட்டு மேலை நாடுகளிலே கட்டடங்கள் இடுக்கின்றி அடைக்கப்படத் தொடங்கிய காலம் அது. போமல்டிகைட்டுப் பிசினாலான நுரைக் காப்பீட்டைக் கனடா 1980 இல் தடைசெய்தது. ஐக்கிய அமெரிக்காவும் 1982 இல் தடைசெய்தது. ஆனால் தொழிற்றுறையினர் வழக்காட, சான்றுகள் போதா எனக் கூறி மேன்முறையீட்டு நீதிமன்றம் 1983 இல் அத்தடையை நீக்கியது. ஆக, கத்ரீனாவுக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஆபத்தும் அறியப்பட்டிருந்தது. அதனைக் கணிக்கும் வழியும் அறியப்பட்டிருந்தது.

5

2005 ஓகஸ்ட் 29 ஆம் திகதி கத்ரீனாச் சூறாவளி லூசியானா, மிசிசிப்பிக் கரைகளைத் தாக்கியது. நியூ ஓர்லியன்சின் அணைகள் உடைந்து நகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. இடம்பெயர்ந்தோருக்கென மத்திய அவசரகால முகாமைத்துவ நிறுவனம் 120,000க்கும் மேற்பட்ட தற்காலிகக் குடியிருப்புகளை வழங்கியது. அவற்றுட் பெரும்பாலானவை மோட்டார் வாகனத்தின் பின்னே பிணைத்து இழுத்துச் செல்லப்படும், விடுமுறைப் பயணங்களுக்கென வடிவமைக்கப்பட்ட இழுவை வீடுகள். தாழ்ந்த கூரை, நெருக்கமான உள்ளிடம், எப்பக்கமும் ஒட்டுப்பலகையும் துகட்பலகையும். முன்னைய பகுதியிற் கூறிய கணக்கின்படி செறிவு மிகுவதற்கு வேண்டிய நிபந்தனைகள் அனைத்தும் இவற்றில் ஒருங்கே அமைந்திருந்தன.

இவ்விடத்திலே சொல்லின் வரலாற்றைப் பயில்வோர் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் வீடமைப்பு, நகர அபிவிருத்தித் திணைக்களம் 1984 இல் 'நடமாடும் வீடுகள்' எனப்படுவனவற்றில் பயன்படும் பலகைகளுக்குப் போமல்டிகைட்டு வரம்பு விதித்தது. இழுவை வீடு சட்டத்தின் கண்ணில் வீடு அன்று, அது வாகனம். ஆகவே அவ்வரம்பு அதற்குப் பொருந்தவில்லை. குடும்பங்கள் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் அவற்றினுள்ளே வாழ்ந்தபொழுதும் அவை வாகனங்களாகவே இருந்தன. ஒரு பொருளின் பெயர் அதன் பயன்பாட்டினால் அன்றி அதனைச் செய்து விற்போரின் வசதியினால் தீர்மானிக்கப்படும்பொழுது, அகராதிப் பொருள் உயிர்களைத் தொடும் விடயமாகிவிடுகிறது.

2006 ஆம் ஆண்டின் முற்பகுதியிலேயே கண்ணெரிவும் இருமலும் மூக்கிலிருந்து குருதி வடிதலும் பற்றிய முறைப்பாடுகள் எழுந்தன. அவ்வாண்டிலே சூழல் அமைப்பொன்று தானாகவே சில இழுவை வீடுகளைச் சோதித்து, பெரும்பாலானவற்றில் 100 பங்குக்கு மேற்பட்ட செறிவு இருப்பதை வெளியிட்டது. முறைப்பாடு செய்த கர்ப்பிணித் தாய் ஒருவரின் இழுவை வீட்டை நிறுவனமே சோதிக்க நேர்ந்தபொழுது 1,200 பங்கு பதிவாகியது. தொழிற்சார் பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவனம் தொழிலாளருக்கென விதந்துரைத்த அளவாகிய 16 பங்கின் 75 மடங்கு அது.

இதன் பின்னர் எதிர்பார்க்கக்கூடியது குடியிருப்புகள் யாவற்றையும் முறையாகச் சோதிப்பதே. நிகழ்ந்தது மறுதலையானது. 2007 யூலை 19 ஆம் திகதி காங்கிரஸ் குழுவொன்றின் விசாரணையிலே வெளிவந்த ஆவணங்களின்படி, சோதனை செய்யவேண்டாம் எனவும், செய்தால் இப்பிரச்சினைக்கு நிறுவனமே பொறுப்பென்று ஏற்றுக்கொண்டதாகிவிடும் எனவும் நிறுவனத்தின் சட்ட அலுவலர் 2006 யூனிலேயே ஆலோசனை கூறியிருந்தனர். அளவீட்டைத் தவிர்த்தமைக்கு விஞ்ஞான முறையியலில் எந்தக் காரணமும் இருக்கவில்லை. எண் ஒன்று பிறந்துவிட்டால் அதனோடு கடப்பாடும் பிறந்துவிடும் என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

6

2006 செப்ரெம்பர், ஒக்ரோபர் மாதங்களிலே குடியிருப்போர் இல்லாத 96 இழுவை வீடுகள் சோதிக்கப்பட்டன. மூடியிருந்த நிலையில் சராசரிச் செறிவு 1,040 பங்கு. குளிரூட்டியை இயக்கியபொழுது 390 பங்கு. சாளரங்களைத் திறந்து வைத்தபொழுது 90 பங்கு. இறுதி எண்ணைக் கொண்டு, காற்றோட்டம் இருப்பின் ஆபத்தில்லை என்று அறிவிப்பது எளிதாயிற்று. தென்கரையின் புழுக்கத்திலே, குளிரூட்டியை நிறுத்திவிட்டு இராப்பகலாகச் சாளரங்களைத் திறந்து வைத்து எவரும் வாழ்வதில்லை என்பது சோதனையின் எண்களுக்குள் வரவில்லை. அளவீடு பொய்யன்று, அது அளந்த வாழ்க்கைதான் எவரும் வாழாத வாழ்க்கை.

'பாதுகாப்பான அளவு' எது என்பதிலும் இதே நிலை காணப்பட்டது. இச்சோதனையை மதிப்பிட்ட நச்சுப்பொருள், நோய்ப்பதிவு நிறுவனம் 2007 பெப்ரவரியிலே 300 பங்கினை அக்கறைக்குரிய மட்டமாகக் கொண்டது. நெடுங்காலம் சுவாசிப்போருக்கு அதே நிறுவனம் 1999 இல் வகுத்திருந்த மிகக்குறைந்த ஆபத்து மட்டம் 8 பங்கு மாத்திரமே. இம்மதிப்பீடு நெடுங்கால விளைவுகளையும் புற்றுநோயையும் கருத்திற் கொள்ளவில்லை என அந்நிறுவனத்தின் நச்சியல் அறிஞரான கிறிஸ்ரோபர் டி றோசா எழுத்துமூலம் எச்சரித்தார். 2008 ஏப்ரலில் அவர் காங்கிரசின் முன் சாட்சியமும் அளித்தார்.

ஒரே வாயுவுக்கு அந்நாட்டிலே வழங்கிய எண்களை நிரைப்படுத்தி நோக்குதல் பயன்தரும். நெடுங்கால வாழ்வுக்கு 8. தொழிலாளருக்கான விதந்துரைப்பு 16. நச்சுப்பொருள் நிறுவனத்தின் அக்கறை மட்டம் 300. நடமாடும் வீட்டின் வளிக்கு 1984 ஒழுங்குவிதியின் இலக்கு 400. தொழிற்றலங்களுக்கான சட்ட வரம்பு 750. மனிதச் சுவாசப்பை எங்கும் ஒன்றே. இவ்வெண்களின் வேறுபாட்டிலே ஒரு பகுதி நச்சியலின் நுணுக்கங்களால் விளக்கப்படலாம்: எட்டு மணி நேர வேலையும் இருபத்துநான்கு மணி நேர வாழ்வும் ஒன்றல்ல, வளர்ந்தவரும் குழந்தையும் ஒருவரல்லர். ஆயின் அத்தருக்கத்தின்படி வீட்டுக்குரிய எண் தொழிற்றலத்தின் எண்ணினும் பன்மடங்கு சிறியதாதல் வேண்டும். அது 300 ஆக உயர்ந்து நின்றமைக்கு விளக்கம் நச்சியலில் இல்லை. செலவை யார் ஏற்பது என்பதிலேயே உண்டு.

மக்கள் வாழ்ந்துகொண்டிருந்த குடியிருப்புகள் முறைப்படி அளக்கப்பட்டது 2007 டிசெம்பர் 21 முதல் 2008 சனவரி 23 வரையிலாகும். நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு நிலையங்கள் 519 குடியிருப்புகளைச் சோதித்தன. பெருக்கற் சராசரி 77 பங்கு. வீச்சு 3 முதல் 590 பங்கு வரை. இழுவை வீடுகளின் சராசரி 81 பங்காகவும், வரம்புக்குட்பட்ட நடமாடும் வீடுகளின் சராசரி 57 பங்காகவும் இருந்தன. சாதாரண வீடுகளிலே காணப்படும் செறிவு ஏறத்தாழ 10 முதல் 20 பங்கு. 2008 பெப்ரவரியில் முடிவுகள் வெளியிடப்பட்டதோடு, கோடை வருமுன் மக்களை வெளியேற்றுமாறு ஆலோசனையும் கூறப்பட்டது.

77 என்பது தன்னளவில் உயர்ந்த எண்தான். ஆனால் அது குளிர்காலத்து எண். இரண்டு ஆண்டுகள் வாயுவை வெளிவிட்டுத் தணிந்த பலகைகளின் எண். கோடையிலும் குடியிருப்புகள் புதியனவாயிருந்த காலத்திலும் செறிவு இதனினும் மிகுந்திருக்கும் என்பதை ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டனர். லோறன்ஸ் பேர்க்லி தேசிய ஆய்வுகூடம் நான்கு குடியிருப்புகளை ஆராய்ந்து இதற்கு வலுவூட்டியது. ஒரு சதுரமீற்றர் தளத்திற்கு மணித்தியாலத்திற்கு வெளிவந்த போமல்டிகைட்டு காலையில் 173 முதல் 266 மைக்கிரோகிராம். வெயில் ஏறிய பிற்பகலில் 257 முதல் 347 மைக்கிரோகிராம். ஒரே நாளின் காலைக்கும் மாலைக்கும் இடையே இவ்வளவு வேறுபாடாயின், சனவரிக்கும் யூலைக்கும் இடையே இருந்திருக்கக்கூடியதை ஊகிக்கலாம். 2006 இன் கோடையிலே அக்குழந்தைகள் சுவாசித்தது எவ்வளவு என்பதற்கு நேரடி அளவீடு இனி ஒருபொழுதும் கிடைக்காது. எதிர்வுகூறும் சமன்பாடுகளைப் பின்னோக்கிப் பிரயோகித்து அண்ணளவாகக் கூறுவதொன்றே எஞ்சிய வழி. அளக்க மறுத்த காலத்திற்குச் சான்றளிக்கக்கூடியதாக இன்று கணிதமே உள்ளது.

7

2012 இல் உற்பத்தியாளரும் ஒப்பந்தகாரரும் ஏறத்தாழ 55,000 முறைப்பாட்டாளருக்கு 42.6 மில்லியன் டொலர் வழங்க இணங்கினர். சட்டச் செலவுகளைக் கழிக்காமலேயே பகிர்ந்தாலும் தலைக்கு 800 டொலர்கூட வராது. 2010 யூலை 7 ஆம் திகதி கையொப்பமிடப்பட்ட சட்டமொன்று பலகைகள் வெளிவிடக்கூடிய போமல்டிகைட்டுக்கு நாடளாவிய வரம்பு விதித்தது. துகட்பலகைக்கு அது 90 பங்கு. அதற்கான விதிகள் 2016 இல் வெளியிடப்பட்டு 2018 இல் நடைமுறைக்கு வந்தன. இது முன்னேற்றமே. ஊற்றிலேயே தடுப்பது, சாளரத்தைத் திறக்குமாறு ஏழைக்கு உபதேசிப்பதினும் எவ்வளவோ மேலானது. ஆயினும் இவ்வரம்பு சோதனை அறையில் வைக்கப்பட்ட பலகைக்குரியது. மனிதர் வாழும் அறையின் வளிக்கு அச்சட்டம் வரம்பெதனையும் விதிக்கவில்லை.

இழுவை வீடுகளுக்கு என்ன நேர்ந்தது? குடியிருப்புக்கு உகந்தனவல்ல என்ற எச்சரிக்கைத் துண்டு ஒட்டப்பட்டு அவை ஏலத்தில் விற்கப்பட்டன. 2010 இல் மெக்சிக்கோ வளைகுடாவிலே எண்ணெய்க் கசிவு ஏற்பட்டபொழுது, அதனைத் துப்புரவாக்க வந்த தொழிலாளர் அவற்றிற் சிலவற்றிலே தங்கியிருந்தனர். 1872 இல் எழுதிய வீட்டுப் பிரச்சினை பற்றிய கட்டுரைகளிலே ஏங்கல்ஸ், முதலாளித்துவம் கேடான குடியிருப்புகளை ஒழிப்பதில்லை. அவற்றை வேறோரிடத்திற்கு நகர்த்துகிறது என வாதித்தார். இங்கு குடியிருப்பே சக்கரம் பூண்டிருந்தமையால் அந்நகர்வு மேலும் எளிதாயிற்று.

இந்நிகழ்விலிருந்து மூன்று முடிபுகளைப் பெறலாம். முதலாவதாக, உள்ளக வளி பற்றிய எந்த எண்ணையும் அது அளக்கப்பட்ட பருவம், வெப்பநிலை, காற்றோட்டம், பலகையின் வயது ஆகியவற்றிலிருந்து பிரித்து ஏற்றுக்கொள்ளலாகாது. இரண்டாவதாக, எதிர்வுகூறும் ஆற்றல் கைவசமிருக்கும்பொழுது, மனிதரைக் குடியமர்த்திய பின்னர் அவர்களது இருமலைக் கொண்டு ஆபத்தை அறிவது, அவர்களையே சோதனைக் கருவியாக்குவதாகும். அனர்த்த காலத் தங்குமிடங்களை வழங்குவோர், அவை வழங்கப்படுமுன்னரே அவற்றின் வளியைக் கணித்தும் அளந்தும் முடிவை வெளியிடக் கடமைப்பட்டவர்கள். மூன்றாவதாக, அளவீட்டுக் கருவியும் அதன் முடிவும் அவ்வளியைச் சுவாசிப்போருக்கும் உரியவையாதல் வேண்டும். 2006 இலே அமைதியைக் குலைத்தவை குடியிருந்தோரின் முறைப்பாடுகளும், அவர்களுக்காகப் பிறர் வெளியிட்ட எண்களுமேயாகும். அவை இல்லையெனில் 519 வீடுகளின் அறிக்கையும் வந்திராது. விஞ்ஞானத்தை மக்கள் மயப்படுத்துதல் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். தாம் வாழும் அறையின் வளியிலே இருப்பது யாதென்று அறியும் உரிமை, அதற்குரிய மிக எளிய தொடக்கங்களுள் ஒன்றாகும்.